மறுப்பு நூலும் காவல் நிலையப் புகாரும்

இந்திய அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது. மனச்சான்றின்படி ஒரு சமயத்தை ஏற்கவும் ஒழுகவும் பரப்பவும் உரிமை தருவது 25ஆம் பிரிவு. சமயப் பிரிவுகள் தம் சமயக் காரியங்களைத் தாமே நடத்திக்கொள்ள 26ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. சமயச் சார்பின்மை என்று மேடைகளில் விவாதிக்கப்படுவது பெரும்பாலும் இந்த மூன்றும் ஒன்றையொன்று உரசும் இடத்தைப் பற்றியதுதான். ‘சமயச் சார்பற்ற’ என்ற சொல் முகவுரைக்குள் வந்தது 1976இல், 42ஆம் திருத்தத்தின் வழியாக. பொருளோ முதலிலிருந்தே சட்டத்துக்குள் இருந்தது. 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதை அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கூறுகளில் ஒன்றாக உறுதிசெய்தது.

பேச்சுரிமைக்கு வரம்பு கட்டும் காரணங்களை 19ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு எண்ணி வைத்திருக்கிறது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகம், ஒழுக்கநெறி, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் ஆகியவை அவை. சமய உணர்வு புண்படுவது இந்தப் பட்டியலில் இல்லை. அப்படியிருந்தும், ‘எங்கள் மனம் புண்பட்டது’ என்ற ஒற்றை வரியில் காவல் நிலையங்களில் வழக்குகள் பதிவாகின்றன. ‘பொது ஒழுங்கு’ என்ற வாசல் வழியாகவே அவை உள்ளே நுழைகின்றன. எவ்வளவு புண்பட்டால் பொது ஒழுங்கு கெடும், கெடுப்பவர் பேசியவரா, அதைக் கேட்டுக் கல்லெடுத்தவரா என்பதே இந்தத் துறையின் மையக் கேள்வி.

இந்தக் கேள்வியின் நீண்ட வரலாற்றை அறியக் கடலூர் மாவட்டத்தைத் தாண்ட வேண்டியதில்லை. மேற்கே திட்டக்குடியும் மங்களூரும், நடுவே விருத்தாசலமும் வடலூரும், கிழக்கே சிதம்பரமும் மஞ்சக்குப்பமும், வடக்கே திருவதிகையுமாகக் கிடக்கும் இந்த மண்ணில் சமயமும் அரசும் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக ஒன்றோடொன்று மல்லுக்கட்டியிருக்கின்றன.

இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரின் பழம்பெயர் பாடலிபுத்திரம். அங்கே புகழ்பெற்ற சமணப் பள்ளி இருந்தது. உலகின் அமைப்பைப் பற்றிய ‘லோகவிபாகம்’ என்ற சமண நூல் கி.பி. 458இல் அங்கே எழுதி முடிக்கப்பட்டதாக அந்த நூலே சொல்கிறது. திருநாவுக்கரசர் அந்தப் பள்ளியில்தான் தருமசேனர் என்ற பெயரில் சமணத் தலைவராக இருந்தார். பிறகு திருவதிகையில் சைவத்துக்குத் திரும்பினார். பெரியபுராணம் சொல்லும் கதைப்படி, சமணர் சொல் கேட்ட பல்லவ மன்னன் அவரை நீற்றறையில் இட்டான், நஞ்சூட்டினான், யானையை ஏவினான், கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளினான். பின்னர் அதே மன்னன் சைவனானான். பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே திருவதிகையில் குணபர ஈச்சரம் எழுப்பினான். அந்த மன்னனை முதலாம் மகேந்திரவர்மன் என்று வரலாற்றாசிரியர்கள் அடையாளம் காண்கிறார்கள். புராணத்தில் எவ்வளவு வரலாறு என்பது தனி ஆராய்ச்சி. ஆனால் கதையின் உள்ளடக்கம் தெளிவானது. அரசன் மதம் மாறினான். அவன் கையிலிருந்த படை மாறவில்லை. நேற்று ஒரு பக்கம் திரும்பிய அதே படை இன்று மறுபக்கம் திரும்பியது. அரசுக்கென்று ஒரு சமயம் இருக்கும்வரை எந்தச் சமயத்துக்கும் நிலையான பாதுகாப்பு கிடையாது என்பதை, சைவத்தின் வெற்றியைப் பாட வந்த காப்பியமே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

தமிழ் மரபில் இதற்கு எதிரான ஓடையும் உண்டு. மணிமேகலையில் இந்திர விழா அறிவிப்பு சமயவாதிகளைப் பட்டிமண்டபம் ஏறி வாதிட அழைக்கிறது. பகையும் பூசலும் தவிர்க்கச் சொல்லும் ஊர் அது. குண்டலகேசி பௌத்தம் பேசியது. அதை மறுக்க நீலகேசி எழுந்தது. மறுக்கப்பட்ட குண்டலகேசி முழுதாகக் கிடைக்கவில்லை. அதன் பாடல்கள் சில இன்று கிடைப்பதற்கு அதை மறுத்த நூலின் உரையும் ஒரு காரணம். எதிரியின் வாதத்தை எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும் என்ற ஒழுங்கு அன்று இருந்தது. கண்டனம், மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என்று வளர்ந்த அந்த மரபு பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு எந்திரத்தைச் சந்தித்தபோது வெடித்ததுதான் அருட்பா மருட்பாப் போர்.

1867இல் வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகளின் பாடல்கள் தொழுவூர் வேலாயுத முதலியாரால் ‘திருவருட்பா’ என்ற பெயரில் வெளியிடப்பட்டன. அதே ஆண்டில் வடலூரில் சத்திய தருமச்சாலையின் அடுப்பு எரியத் தொடங்கியது. தேவாரம் திருவாசகம் முதலிய திருமுறைகளுக்கு மட்டுமே உரிய மதிப்பைத் தம் காலத்து மனிதர் ஒருவரின் பாடல்களுக்குத் தருவது யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலருக்குப் பொறுக்கவில்லை. நாவலர் சிதம்பரத்தில் 1864இல் சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவியவர். அந்த ஊரோடு அவருக்கு நெருக்கம் அதிகம், பகையும் அதிகம். சிதம்பரம் தீட்சிதர்களையும் அவர் விட்டுவைத்ததில்லை. வள்ளலாரின் பாடல்கள் அருட்பா ஆகா, மருட்பாவே என்று அவர் பக்கத்திலிருந்து கண்டன நூல்கள் வந்தன. வள்ளலார் பக்கத்திலிருந்து மறுப்புகள் வந்தன. 1869இல் சிதம்பரம் கோயிலில் கூடிய கூட்டத்தில் தம்மை இழிவாகப் பேசினார்கள் என்று வள்ளலார் மீதும் தீட்சிதர்கள் சிலர் மீதும் நாவலர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வழக்கிலிருந்து வள்ளலார் விடுபட்டார். நீதிமன்றத்தில் அன்று நடந்ததை இரு தரப்பின் வரலாறுகளும் இரு விதமாகச் சொல்லி வந்திருக்கின்றன.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நாவலர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது தம் சொந்த மானத்தைப் பற்றிய முறையீட்டை. பாடல்கள் அருட்பாவா என்ற கேள்வியை அவர் வெள்ளைக்கார அதிகாரியிடம் கொண்டுபோகவில்லை. திருவருட்பாவைத் தடைசெய்யச் சொல்லவும் இல்லை. நூலுக்கு நூலால் பதில். ஆளின் பெயரைக் கெடுத்தால் அதற்கு நீதிமன்றம் என்று இரண்டையும் பிரித்தார். வசைச் சொற்கள் மலிந்த அந்தப் போரில் இந்தப் பிரிவினை மட்டும் குலையவில்லை. போர் அவர்கள் இருவரின் காலத்தோடும் முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா. கதிரைவேற்பிள்ளை மருட்பாக் கட்சியைத் தூக்கிப் பிடித்தார். எதிரே மறைமலையடிகள் நின்றார். அவரோடு அருட்பாவின் பக்கம் வாதாடியவர்களில் ஒருவர் நாஞ்சில் நாட்டுச் செய்குத்தம்பிப் பாவலர். ஒரு சைவத் துறவியின் பாடல்கள் இறையருளால் பாடப்பட்டவையே என்று ஓர் இஸ்லாமியப் புலவர் ஊர் ஊராகச் சென்று மேடையேறிப் பேசினார். சைவர்கள் கூட்டம் கூடிக் கேட்டார்கள். எந்தச் சட்டமும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

இந்த நிலையை மாற்றிய சட்டம் 1927இல் வந்தது. லாகூரில் ராஜ்பால் என்ற பதிப்பாளர் நபிகள் நாயகத்தின் இல்வாழ்வை இழிவுபடுத்தும் சிறு நூல் ஒன்றை 1924இல் வெளியிட்டார். இறந்துபோன சமயத் தலைவரை இகழ்வது வகுப்புகளுக்கிடையே பகை மூட்டும் குற்றத்துக்குள் அடங்காது என்று லாகூர் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. கிளர்ச்சி எழுந்தது. அதன் விளைவாகத் தண்டனைச் சட்டத்தில் 295ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. ராஜ்பால் 1929இல் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். சட்டம் வந்தும் கொலை நின்றுவிடவில்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். பிரிவை வரைந்தவர்களுக்கு அதன் ஆபத்தும் தெரிந்தே இருந்தது. நேர்மையான சமய ஆராய்ச்சியும் சீர்திருத்தப் பேச்சும் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக, ‘வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு’ என்ற இரட்டை நிபந்தனை வைத்தார்கள். 1957இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்சநீதிமன்றம் பிரிவு செல்லும் என்றபோதும் இந்த நிபந்தனையையே பிடித்துக்கொண்டது. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 299ஆம் பிரிவாக இருக்கிறது. எண் மாறியது, நிபந்தனை அப்படியே இருக்கிறது. புகார் வாங்கும் இடத்தில்தான் அது மறக்கப்படுகிறது.

புனிதப் பொருளை அவமதிப்பது பற்றிய பிரிவு இதற்கும் பழையது. அதற்குரிய பெரிய வழக்கும் தமிழ்நாட்டில் எழுந்ததே. 1953 மே 27 அன்று திருச்சி நகர்மன்ற மைதானத்தில் பெரியார் களிமண் பிள்ளையார் ஒன்றைப் போட்டு உடைத்தார். வீரபத்திரன் செட்டியார் என்பவர் வழக்குத் தொடுத்தார். நடுவர் முதல் உயர்நீதிமன்றம் வரை வழக்கு நிற்கவில்லை: உடைந்தது கோயில் சிலை அன்று, பூசைக்கு உரியதும் அன்று, தாமே செய்வித்துக் கொண்டுவந்த மண்ணுருவம், அது எப்படிப் புனிதப் பொருளாகும் என்பது அவர்கள் வாதம். 1958இல் உச்சநீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ஒரு பொருள் எவ்வளவு எளியதானாலும், ஒரு பிரிவு மக்கள் அதைப் புனிதமாகக் கருதினால் நீதிமன்றம் அந்த உணர்வை மதித்தாக வேண்டும் என்றது. ஆனால் ஐந்தாண்டு ஓடிவிட்டதால் வழக்கை மீண்டும் தொடங்க உத்தரவிடவில்லை.

மேல்மட்டத்தில் சொன்ன இந்த விளக்கம் தரைமட்டத்தில் எவ்வளவு சிக்கலானது என்பதை விருத்தாசலத்துச் செராமிக் பட்டறை எதிலும் காணலாம். கூழ்பதத்தில் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் ஆப் பாரீஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, சுவர் போல் மண் படிந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிடுகிறார்கள். அச்சைப் பிரித்தால் ஒன்றில் மயில், ஒன்றில் தலையாட்டிப் பொம்மை, ஒன்றில் பிள்ளையார். சூளையில் வெடித்த பிள்ளையாரும் வெடித்த மயிலும் ஒரே குவியலுக்குத்தான் போகின்றன. அங்கே யார் மனமும் புண்படுவதில்லை. அதே பிள்ளையார் ஒரு வீட்டு மாடத்தில் அமர்ந்து அறுகம்புல் சூடியபின் அவரை ஒருவர் புகுந்து உடைத்தால் அது வன்முறை. இரண்டுக்கும் நடுவே, தன் காசில் வாங்கிய பொம்மையைத் தன் கருத்தைச் சொல்வதற்காக மேடையில் உடைப்பது எங்கே நிற்கிறது? பிறர் வழிபடும் பொருளைத் தொடாதவரை அது கடுமையான, பலருக்கு வேதனை தரும் பேச்சு. ஆனாலும் பேச்சுதான் என்று கீழ் நீதிமன்றங்கள் கண்டதே இந்த வழக்கில் பொருத்தமான பார்வை. உச்சநீதிமன்றத்தின் விளக்கம் உணர்ச்சி மிக்கவர் கையில் சட்டத்தின் கடிவாளத்தைக் கொடுத்துவிடுகிறது.

கடிவாளம் கைமாறினால் என்ன நேரும் என்பதைத் திருச்செங்கோடு காட்டியது. அந்த ஊரைக் களமாகக் கொண்ட பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வந்தது. நான்கு ஆண்டுகள் யாரையும் கலக்காத நாவல், 2014 டிசம்பரில் திடீரென்று ஊரையும் கோயிலையும் பெண்களையும் இழிவுபடுத்தியதாகக் குற்றம்சாட்டப்பட்டது. நூல் எரிக்கப்பட்டது, கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ என்ற பெயரில் எழுத்தாளரிடம் நிபந்தனையற்ற வருத்தம் எழுதி வாங்கினார்கள். மிரட்டியவர்களும் மிரட்டப்பட்டவரும் சமமான இரு தரப்பு என்ற கணக்கில் உட்கார வைக்கப்பட்டார்கள். பிறகுதான் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு, அந்தப் பேச்சுவார்த்தையின் முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது என்றது. பிடிக்காத நூலை மூடிவைக்க வாசகருக்கு உரிமை உண்டு என்றும், எழுத்தாளர் மீண்டும் எழுத வேண்டும் என்றும் சொன்னது. இதற்கு அடித்தளம் ஏற்கெனவே இருந்தது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ திரைப்பட வழக்கில் 1989இலேயே, கலவரம் வரும் என்ற மிரட்டலுக்கு அஞ்சிப் பேச்சுரிமையைப் பறிப்பது மிரட்டுபவரிடம் சரணடைவதற்குச் சமம் என்று உச்சநீதிமன்றம் சொல்லியிருந்தது. கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தத் தீர்ப்பு ஓர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்ச் சேரவில்லை.

2020இல் விவாதம் மங்களூர் வட்டாரம் நன்கறிந்த ஒருவரைச் சுற்றி எழுந்தது. 2001இல் மங்களூர்த் தொகுதியிலிருந்து சட்டப்பேரவைக்குச் சென்றவரும் பிறகு சிதம்பரம் மக்களவை உறுப்பினரானவருமான தொல். திருமாவளவன், பெரியாரைப் பற்றிய இணையவழிக் கருத்தரங்கு ஒன்றில் மனுஸ்மிருதி பெண்களைப் பற்றி என்ன சொல்கிறது என்று பேசினார். பேச்சின் ஒரு துண்டு பரவியது. பெண்களை இழிவுபடுத்தினார் என்று பாரதிய ஜனதா கட்சியினர் புகார் கொடுத்தனர். அக்டோபரில் சென்னைக் காவல்துறை 153ஏ, 295ஏ உள்ளிட்ட பிரிவுகளில் வழக்குப் பதிந்தது. நூல் சொல்வதை எடுத்துக்காட்டிக் கண்டித்தவர் மீதே அந்த இழிவுக்கான பழி விழுந்தது. பழைய நூலொன்றைச் சமயச் சட்டமாக மதிப்பவர்கள் இருக்கும்வரை அதை வாசித்துக் குறை சொல்பவர்களும் இருப்பார்கள். 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அம்பேத்கர் அதை எரிக்கச் செய்தார். அரசியல் சட்ட வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. சுலோகத்தின் பொருள் தவறு என்றால் பொருள் சொல்லித் திருத்தலாம். உரையாசிரியர்களை மேற்கோள் காட்டலாம். அதைச் செய்யப் புலமை வேண்டும். புகார் மனுவுக்கு அது தேவையில்லை.

அதே அக்டோபரில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி மனுஸ்மிருதியைத் தடைசெய்யக் கோரிப் போராட்டம் நடத்தியது. அந்தக் கோபத்தின் நியாயம் ஆழமானது. ஆனாலும் நூலைத் தடைசெய்யும் அதிகாரம் அரசுக்கு வழங்கப்பட்டால், அடுத்து எந்த நூல் என்பதை முடிவுசெய்வது அன்றைய ஆட்சி. ‘மாதொருபாகன்’ தப்பிய வாசல் வழியாகத்தான் மனுஸ்மிருதியும் தப்ப வேண்டியிருக்கிறது. தடைசெய்த நூலை யாரும் எடுத்துக்காட்டிக் கண்டிக்கவும் முடியாது.

பேச்சுரிமையிலிருந்து சமய வழக்காறுகளுக்கு வந்தால் கேள்வி வேறாகிறது. கோயிலுக்குள் நடப்பதில் அரசு எதுவரை தலையிடலாம்? இதற்கான முதல் பெரிய தீர்ப்பு 1954இல் வந்த சிரூர் மடம் வழக்கு. மடம் இருந்தது உடுப்பியில். அன்று சென்னை மாநிலத்தின் தென்கன்னட மாவட்டத்தில் உடுப்பி இருந்தது. சமயத்தின் இன்றியமையாத பகுதி எது என்பதை அந்தச் சமயத்தின் கோட்பாட்டைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டும். அதில் அரசு கை வைக்கக் கூடாது. சொத்து நிர்வாகத்தைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தலாம் என்று உச்சநீதிமன்றம் கோடு கிழித்தது. கேட்பதற்குத் தெளிவான கோடு. சிதம்பரத்தில் அது கலங்கிப்போகிறது.

நடராசர் கோயில் பொதுத் தீட்சிதர்களின் நிர்வாகத்தில் இருப்பது. 1951இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களைத் தனிச் சமயப் பிரிவாக ஏற்று அரசின் ஆணையை நீக்கியது. பிறகு அரசு நியமித்த செயல் அலுவலர் பற்றிய வழக்கு பல்லாண்டு நடந்து, 2014 ஜனவரி 6 அன்று உச்சநீதிமன்றத்தில் தீட்சிதர்களுக்குச் சாதகமாக முடிந்தது. முறைகேட்டைச் சரிசெய்யும் அளவுக்கு மட்டுமே அரசு நிர்வாகத்தை ஏற்கலாம், காலவரையின்றி வைத்துக்கொள்ளக் கூடாது என்ற அந்தத் தீர்ப்பின் பகுதி எந்த அரசுக்கும் பொருந்தும் நல்ல எச்சரிக்கை.

தேவாரம் பாடும் கேள்வி இதிலிருந்து வேறு. சிவனடியார் ஆறுமுகசாமி சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாட முயன்று 2000ஆம் ஆண்டில் தாக்கப்பட்டார். அவர் பாட வந்தது அந்தக் கோயிலின் அறையிலிருந்தே மீட்கப்பட்டதாகச் சைவ மரபு போற்றும் பாடல்களை. தமிழ் கூடாது என்று தாங்கள் சொல்லவில்லை, மேடைக்குக் கீழே நின்று பாடலாம் என்பது தீட்சிதர் தரப்பு. 2008 பிப்ரவரி இறுதியில் அரசாணை வந்தது. மார்ச் 2 அன்று காவல்துறை சூழ, தள்ளுமுள்ளுக்கிடையே அவர் மேடையேறிப் பாடினார். கனகசபை மேல் நின்று வழிபடுவது பற்றி 2022 மே மாதம் இன்னோர் ஆணை தேவைப்பட்டது. நிர்வாகம் யாருடையது என்பதற்கும் பக்தர் எந்த மொழியில் எங்கே நின்று பாடலாம் என்பதற்கும் ஒரே விடை இருக்க முடியாது. 26ஆம் பிரிவு பிரிவினருக்குத் தரும் உரிமை, 25ஆம் பிரிவு தனி அடியாருக்குத் தரும் உரிமையை விழுங்கிவிடும்படி வாசிக்கப்பட்டால் மூடிய கதவுக்குச் சட்டமே காவல் நிற்கும்.

வடலூர் இதன் மறுபுறம். 1872இல் தைப்பூசத்தன்று தொடங்கிய சத்திய ஞான சபையில் சாதி சமய வேறுபாடற்ற சோதி வழிபாடே நடக்க வேண்டும் என்று வள்ளலார் விதி எழுதி வைத்தார். காலப்போக்கில் அங்கே இலிங்கம் வைத்துச் சைவ முறையில் பூசை நடந்தது. சன்மார்க்க அன்பர்கள் முறையிட்டதன்பேரில் 2006இல் அறநிலையத்துறை அதை நிறுத்தியது. 2010இல் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி கே. சந்துரு அந்த ஆணையை நிலைநிறுத்தினார். சமயச் சடங்கை அரசு தடுத்ததாக இதை மேலோட்டமாகச் சொல்லிவிட முடியும். நடந்தது அதுவன்று. நிறுவியவர் வகுத்த நெறிக்கு மாறாக வேறொரு சமய முறை புகுந்தபோது, நிறுவியவரின் சொல் காப்பாற்றப்பட்டது. சிறிய நெறிகள் பெரிய சமயங்களால் கரைக்கப்படாமல் நிற்கச் சட்டம் துணை நிற்பதும் சமயச் சார்பின்மையின் வேலைதான்.

கோயிலுக்கு வெளியே, திருமணத்திலும் மணமுறிவிலும் சமயச் சட்டம் குடும்பங்களை நேரடியாகத் தொடுகிறது. புரோகிதரும் மந்திரமும் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் செல்லா என்று 1950களின் தொடக்கத்தில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, ஆயிரக்கணக்கான தம்பதியரின் பிள்ளைகளுக்கு வாரிசுரிமைச் சிக்கல் எழுந்தது. அண்ணா தலைமையிலான அரசு 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர் நண்பர் முன்னிலையில், புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றினால், அல்லது தாலி கட்டினால் போதும். முன்பு நடந்த திருமணங்களுக்கும் அது பொருந்தும். சடங்கோடு மணப்பவரை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. தமிழ்நாட்டில் சமயச் சட்டம் பற்றி நடந்த வாதங்கள் தந்த விளைவுகளில் இவ்வளவு துல்லியமாக, யாரையும் நோகடிக்காமல் அமைந்தது வேறில்லை.

முஸ்லிம் தனிச் சட்டத்திலும் தொடக்கம் உள்ளிருந்தே வந்தது. காஜிகள் தரும் தலாக் சான்றிதழை எதிர்த்து உயர்நீதிமன்றம் சென்றவர் முன்னாள் சட்டப்பேரவை உறுப்பினரும் வழக்கறிஞருமான பதர் சயீத். 2017 ஜனவரியில் நீதிமன்றம், அந்தச் சான்றிதழ் ஒரு கருத்து மட்டுமே, சட்டப்படி செல்லத்தக்க ஆவணம் ஆகாது என்றது. அதற்குச் சற்று முன், 2016 டிசம்பரில், பள்ளிவாசல்களில் நீதிமன்றம் போல் இயங்கும் ஷரியத் கவுன்சில்களைத் தடுக்க அரசுக்கு உத்தரவிட்டது. வழிபாட்டு இடத்தில் ஆலோசனை கேட்க யாருக்கும் தடையில்லை. தீர்ப்பு என்ற பெயரில் ஒரு பெண்ணின் மணவாழ்வை முடித்துவைக்க அங்கே யாருக்கும் அதிகாரமில்லை. 2017 ஆகஸ்ட் 22 அன்று ஷயாரா பானு வழக்கில் உச்சநீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் உடனடி முத்தலாக்கை நீக்கியது. சொன்னாலும் திருமணம் முறியாது என்றானபின், 2019ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்லும் கணவனுக்கு மூன்றாண்டு வரை சிறை விதித்தது. மனைவியைக் கைவிடும் பிற சமயத்துக் கணவனுக்கு அந்தச் செயலுக்காக மட்டும் சிறை இல்லை. சிறையிலிருப்பவன் ஜீவனாம்சம் எப்படித் தருவான் என்ற கேள்விக்கும் அந்தச் சட்டத்தில் விடை இல்லை.